கண்ணை மூடினால் மிஞ்சும் கார்ட்டூன்

1938 ஜனவரியில் விக்டர் நிறுவனம் மூன்று இசைத்தட்டுகளை ஒரே உறைக்குள் வைத்து விற்பனைக்கு விட்டது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகள். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். அதற்கு முந்தைய டிசம்பர் 21-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் பாடல்கள் அவற்றில் இருந்தன. படத்தில் கேட்ட அதே பாத்திரங்கள், அதே ஓசைகள் என்று தலைப்போடு சேர்த்தே ஓர் உறுதிமொழியும் அச்சாகியிருந்தது.

அன்று கடைக்காரர் அப்படி உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. திரைப்படப் பாட்டு என்று தட்டில் வந்ததெல்லாம் பெரும்பாலும் வேறு யாரோ, வேறு கூடத்தில், வேறு இசைக்குழுவோடு பாடியதுதான். 1933-இல் டிஸ்னியின் ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ வெளியாகி, பெரிய கெட்ட ஓநாயைக் கேலி செய்யும் ஃபிராங்க் சர்ச்சிலின் மெட்டு வேலையிழந்து கிடந்த அமெரிக்கா முழுக்க முணுமுணுக்கப்பட்டபோது, கடையில் தட்டு வாங்கியவர்களில் பலர் வீட்டுக்குக் கொண்டுபோனது நடனக் குழுக்களின் வாசிப்பைத்தான். திரையிலிருந்த ஒலியே தட்டுக்கு வந்து கடைக்குப் போனதற்கு முதல் முன்மாதிரி என்று ‘ஸ்னோ ஒயிட்’ தொகுப்பைப் பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

நமக்குப் படத்தைக் காதால் பார்த்துப் பழக்கம் உண்டு. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசனத் தட்டு ஓடினால், சமையல்காரர் உட்பட எல்லோரும் சிவாஜிக்கு முன்னாலேயே அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். அங்கே படத்தைத் தாங்கியது பேச்சு. பூனையும் எலியும் ஒரு சொல்கூடப் பேசாமல் ஏழு நிமிடம் துரத்திக்கொள்ளும் படத்தில் கண்ணை மூடினால் என்ன மிஞ்சும்? அப்படி மிஞ்சுவதைத்தான் ‘கார்ட்டூன் ரெக்கார்டு’ என்ற பெயரில் அரை நூற்றாண்டாக விற்றார்களா? விற்கவில்லை என்பதுதான் என் கட்சி. கார்ட்டூனின் உண்மையான ஒலி ஒரு பக்கம் பெட்டகத்தில் கிடக்க, அதன் பெயரை வைத்துக்கொண்ட இன்னொரு பிள்ளை கடைவீதியில் வளர்ந்தது.

ஒலி சேர்ந்த கார்ட்டூனின் கதையை 1928-லிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கும் முன்பே, 1924 முதல், ஃப்ளைஷர் சகோதரர்கள் பாட்டு வரிகளின்மேல் ஒரு பந்து துள்ளித் துள்ளிப் போகும் சிறு படங்களை எடுத்தார்கள். சிலவற்றுக்கு லீ டி ஃபாரஸ்டின் முறையில் ஒலியும் சேர்ந்திருந்தது. பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’ என்ற ஒலிப்படமும் மிக்கி மவுஸை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் டெர்ரியின் படத்தில் ஒலி படத்தின்மேல் ஒட்டவைத்த சுவரொட்டி மாதிரி இருந்தது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க் காலனி தியேட்டரில் ஓடிய டிஸ்னியின் மிக்கி படமான ‘ஸ்டீம்போட் வில்லி’யில் ஒலி படத்தின் எலும்பாகவே இருந்தது.

இதற்குக் காரணமான ஆள் டிஸ்னி நிறுவனத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் வில்ஃப்ரெட் ஜாக்சன். அவருடைய தாயார் பியானோ கற்றுக்கொடுப்பவர். அதனால் மெட்ரோனோம் என்ற தாளக்கருவி அவருக்குப் பரிச்சயம். ஒலிப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற நிலையான வேகத்தில் ஓடும். ஆகவே ஒரு தட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று கணக்கு வைத்துவிட்டால், வரைபவர் காகிதத்திலேயே தாளம் போடலாம். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. மிக்கி எந்த ஃபிரேமில் காலைத் தரையில் வைக்க வேண்டும் என்பது இசைக்கலைஞர் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கச்சேரிக்காரர்கள் காலப்பிரமாணம் என்று சொல்வதை இவர்கள் பட்டறைக் கணக்காக மாற்றினார்கள்.

கணக்கு சரி, பதிவுதான் படுத்தி எடுத்தது. நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு தோல்வி. நடத்துநர் கார்ல் எட்வார்டால் திரையைப் பார்த்துக்கொண்டு வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது முயற்சிக்குப் பணம் திரட்ட டிஸ்னி தன் காரை விற்றார். இந்த முறை ஃபிலிமிலேயே துள்ளும் பந்து ஒன்று குறியாகப் பதிக்கப்பட்டது. நடத்துநர் அதைப் பார்த்துக் கோலை வீசினார். பார்வையாளர்களைச் சேர்ந்து பாடவைக்க ஃப்ளைஷர் கண்டுபிடித்த பந்து, வேறு வேஷத்தில், வாத்தியக்காரர்களைச் சேர்ந்து வாசிக்கவைத்துவிட்டது. மாட்டின் பல்வரிசையை மிக்கி சைலஃபோன்போல் வாசிக்கும் காட்சி இன்றும் சிரிப்பைத் தருகிறதென்றால், அந்த அடி விழும் கணமும் ஓசை எழும் கணமும் ஒன்றாக இருப்பதே காரணம். ஒரு ஃபிரேம் தள்ளிப்போனால் வெறும் விலங்கு வதைதான் மிஞ்சும்.

படத்துக்கு இசையா, இசைக்குப் படமா என்ற வாக்குவாதமும் உடனே எழுந்தது. டிஸ்னிக்கு இசையமைக்க வந்த கார்ல் ஸ்டாலிங் கன்சாஸ் சிட்டியில் மௌனப்படங்களுக்கு ஆர்கன் வாசித்தவர். பாத்திரங்களின் சேட்டைக்கு ஏற்ப இசை வளைந்துகொடுக்க வேண்டும் என்றார் டிஸ்னி. இசையை முழுதாக விட்டு அதற்கேற்பப் படத்தை வரைந்தால் என்ன என்றார் ஸ்டாலிங். சண்டை சமரசத்தில் முடிந்தது: மிக்கி படங்களில் டிஸ்னி சொன்னபடி, புதிய வரிசை ஒன்றில் ஸ்டாலிங் சொன்னபடி. ‘சில்லி சிம்ஃபனீஸ்’ என்ற அந்தப் புதிய வரிசையின் முதல் படம், கல்லறையில் எலும்புக்கூடுகள் ஆடும் 1929-ஆம் ஆண்டின் ‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’. வாத்தியக்காரர்கள் காதில் டிக் டிக்கென்று தாளம் கேட்டுக்கொண்டே வாசிக்கும் முறைக்கும் அந்த நாள்களில்தான் ஸ்டாலிங் வழி வகுத்தார். கிளிக் ட்ராக் என்ற அந்த முறை இல்லாமல் இன்று பெரும்பாலான திரையிசைக் கூடங்களில் வேலை நடக்காது. கார்ட்டூன்காரர்கள் விட்டுச்சென்ற சொத்துகளில் அதிகம் பேசப்படாதது அது.

ஃப்ளைஷர் பட்டறையில் வழி நேர் எதிர். முதலில் வரைவது, பிறகு குரல். வாய் அசையாத இடத்தில் எதையாவது முணுமுணுத்து நிரப்பிக்கொள்வார்கள். பப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சரின் அந்த முணுமுணுப்புகளே படத்தின் சுவையாக ஆனது, குறையே குணமான கதை. ஆனால் அந்த நிறுவனத்தின் பெரிய சாதனை இன்னொன்று. காப் கால்லவே ‘மின்னி த மூச்சர்’ பாட்டை 1931-இல் தட்டில் பதித்திருந்தார். அடுத்த ஆண்டு ஃப்ளைஷர் அதே தலைப்பில் பெட்டி பூப் படம் எடுத்தார். கால்லவேயின் ஆட்டத்தைப் படம்பிடித்து, அதன்மேல் கோடிழுத்து, அவரையே ஒரு வால்ரஸ் பேயாக ஆடவிட்டார்கள். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் டான் ரெட்மனும் இப்படியே வந்தார்கள். தட்டு முன்னால், படம் பின்னால். கறுப்பின இசைக்கலைஞர்களை அமெரிக்கத் திரை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் படங்கள் அவர்களுடைய இசையை நடுக்கூடத்தில் உட்காரவைத்தன. அதேசமயம் அவர்களைப் பேயாகவும் காட்டுவாசியாகவும் வரைந்தன. இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க முடியும்.

பெட்டி பூப்பின் குரல் நீதிமன்றம்வரை போனது. அது தன் பாணியின் திருட்டு என்று பாடகி ஹெலன் கேன் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு, பேபி எஸ்தர் என்ற கறுப்பினச் சிறுமி கேனுக்கு முன்பே அப்படிப் பாடியதாகச் சாட்சி கொண்டுவந்தது. அந்தச் சிறுமி பாடும் ஒலிப்படம் ஒன்று நீதிபதிக்குப் போட்டுக் காட்டப்பட்டது. 1934-இல் கேன் தோற்றார். ஆனால் அந்தப் பாணிக்காக எஸ்தருக்கு யாரும் காசு கொடுத்ததாகச் செய்தி இல்லை.

ஸ்டாலிங் 1936-இல் வார்னர் பிரதர்ஸுக்கு வந்தார். 1958-இல் ஓய்வுபெறும்வரை சராசரியாக வாரத்துக்கு ஒரு படம் என்ற கதியில் எழுதிக் குவித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து ஒரு வியாபாரக் கணக்கின் பக்கவிளைவு. ஒலிப்படம் வந்ததும் வார்னர் நிறுவனம் பெரிய இசைப் பதிப்பகங்களை வாங்கிப்போட்டது. அந்தப் பாட்டுப் புத்தகங்கள் விற்க விளம்பரம் வேண்டும். அதற்காகவே ‘மெர்ரி மெலடீஸ்’ படம் ஒவ்வொன்றிலும் நிறுவனத்துக்குச் சொந்தமான பாட்டு ஒன்று இடம்பெற வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு இந்த விதி காலில் கட்டிய கல். ஸ்டாலிங்கோ ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் தலைக்குள் அடுக்கிவைத்திருந்த மௌனப்பட வாத்தியக்காரர், அவருக்குக் கேட்பானேன். சிவப்பு உடையில் யாராவது வந்தால் ‘த லேடி இன் ரெட்’. யாராவது சாப்பிட உட்கார்ந்தால் காபியையும் சாண்ட்விச்சையும் பற்றிய பழைய காதல் பாட்டு. வார்த்தை ஒன்றுகூட ஒலிக்காது. மெட்டு மட்டும் மூன்று விநாடி வந்து போகும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் முழியைப் பார்த்து நாதஸ்வரக்காரர் குறும்பாக ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிடுவாரே, பாட்டு தெரிந்தவர்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களே, அந்த வகை நகைச்சுவை.

இன்னொரு சொத்து ரேமண்ட் ஸ்காட். 1937-இல் ஆறு பேர் குழுவுக்காக அவர் எழுதிய ‘பவர்ஹவுஸ்’ என்ற துண்டில் இயந்திரம் தறிகெட்டு ஓடுவதுபோன்ற ஒரு பகுதியும், கனமான பட்டறை தாளகதியில் நகர்வதுபோன்ற ஒரு பகுதியும் உண்டு. 1943-இல் ஸ்காட் தன் பதிப்புரிமைகளை வார்னரிடம் விற்றார். அதன்பிறகு தொழிற்சாலைக் காட்சி, துரத்தல், கன்வேயர் பட்டை எது வந்தாலும் ஸ்டாலிங் கை ‘பவர்ஹவுஸ்’ பக்கம் போனது. ஸ்காட் வாழ்நாளில் கார்ட்டூனுக்கென்று ஒன்றும் எழுதியதில்லை. இருந்தும் உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு ‘கார்ட்டூன் இசை’ என்றால் மனத்தில் ஓடுவது அவருடைய மெட்டு. அவர் பெயர்தான் ஓடுவதில்லை.

இசைக்குள் ஊடுபாவாக ஓடியது ட்ரெக் பிரௌனின் ஓசை வேலை. மலையுச்சியிலிருந்து கொயோட் விழும்போது, விழும் ஓசை குறைந்துகொண்டே போய், ஒரு நொடி நிசப்தம், பிறகு தொலைவில் சின்னப் ‘பொத்’. அந்த நிசப்தத்தை விடத் தெரிந்தவர்தான் கலைஞர். ரோட் ரன்னரின் குரல் எந்த நடிகருடையதுமில்லை. பின்னணி ஓவியர் பால் ஜூலியன், வழியில் நிற்பவர்களை விலகச் சொல்லித் தாழ்வாரத்தில் எழுப்பிவந்த சத்தம் அது. இவர்களோடு மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி, டாஃபி, போர்க்கி, ட்வீட்டி என ஒரே தொண்டைக்குள் ஒரு தெருவே குடியிருந்தது. டாஃபிக்கும் ட்வீட்டிக்கும் பதிவை வேகமாக ஓட்டிச் சுருதியை ஏற்றிக்கொள்வார்கள்.

இத்தனையும் சேர்ந்த அந்த ஏழு நிமிட ஒலி ஏன் தட்டாக வரவில்லை? வர முடியாது என்பதே பதில். மூன்று விநாடி ஒரு மெட்டு, அரை விநாடி நிசப்தம், ஒரு சறுக்கல், ஒரு மணியோசை, மறுபடி வேறு மெட்டு. பல்லவியும் இல்லை, திரும்பப் பாடவும் எதுவுமில்லை. மூன்று நிமிடத் தட்டுக்குத் தேவைப்பட்டது பாட்டு. கார்ட்டூன் கொடுத்தது தாளமும் வெட்டும். போதாக்குறைக்கு ஒரே படத்துக்குள் பத்துப் பேருடைய பதிப்புரிமை. எம்ஜிஎம்மில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’க்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லியின் நிலைமையும் அதுதான். அவர் பாட்டுகளை அவ்வளவாக நம்பவில்லை. சுமார் இருபது வாத்தியங்களை வைத்துக்கொண்டு நவீன இசையின் கரடுமுரடான ஸ்வரங்களை எலியின் ஓட்டத்துக்குள் நுழைத்தார். 1944-ஆம் ஆண்டின் ‘புட்டின் ஆன் த டாக்’ படத்தில் ஷோன்பெர்க்கின் பன்னிரு சுர முறையைக்கூடக் கையாண்டார். வியன்னாவில் கேட்டு எழுந்துபோயிருக்கக்கூடியவர்கள் இங்கே குழந்தைகளோடு உட்கார்ந்து சிரித்தார்கள். அடிபட்ட டாமின் அந்த உலகப் புகழ்பெற்ற அலறல் இயக்குநர் வில்லியம் ஹன்னாவின் சொந்தத் தொண்டை. இத்தனைக்குப் பிறகு 1960-களின் இறுதியில் எம்ஜிஎம் தன் இசைநூலகத்தில் இருந்த சுரக்குறிப்புத் தாள்களைக் கழிவோடு கழிவாகக் கொட்டியது.

பதிவுக்கலையின் உச்சம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டிஸ்னியின் ‘ஃபேண்டேசியா’தான். 1939-இல் ஃபிலடெல்ஃபியா அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி நடத்த, 33 மைக்குகள் வைத்து, எட்டு ஒலிப்பதிவுக் கருவிகளில் ஃபிலிமின்மேல் ஒளித்தடமாகப் பதித்தார்கள். காந்த நாடா அமெரிக்கக் கூடங்களுக்கு வராத காலம். வயலினுக்குத் தனித் தடம், பித்தளை வாத்தியங்களுக்குத் தனித் தடம் என்று பிரித்துப் பிறகு கலக்கும் வேலையை அப்போதே செய்தார்கள். 1940 நவம்பரில் நியூயார்க்கில் ஓடியபோது இசை அரங்கின் இடமிருந்து வலம் நகர்ந்தது. இதற்கு ஃபேண்டசவுண்ட் என்று பெயர். ஒரு தியேட்டரில் பொருத்த ஆன செலவில் வேறு படம் எடுக்கலாம் போலிருந்ததால் சில ஊர்களோடு நின்றது. போரும் வந்து வாயிலை அடைத்தது.

அந்தப் பதிவின் பிற்கால வாழ்க்கை, ஒரு ஜமீன் குடும்பம் நொடித்த கதை மாதிரி. 1955-இல் பழைய ஒளித்தடங்களைக் காந்த நாடாவுக்கு மாற்றினார்கள். ஒளித்தடத்தை ஓட்டும் கருவி டிஸ்னி வளாகத்தில், நாடாப் பதிவுக்கருவி ஆர்சிஏ கட்டடத்தில். இரண்டையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து ஒலியை அனுப்பினார்கள்! கம்பியில் உச்சஸ்தாயி கரைந்துபோனது. 1957-இல் டிஸ்னிலாந்து ரெக்கார்ட்ஸ் மூன்று நீள்தட்டுகளாக வெளியிட்டது இந்த ஒலியைத்தான். 1982-இல் ஸ்டொகோவ்ஸ்கியையே தூக்கிவிட்டு, இர்வின் காஸ்டல் நடத்திய புதிய டிஜிட்டல் பதிவைப் படத்தோடு ஓட்டினார்கள். நாற்பது வருடங்களுக்கு முன் ஒருவர் கையசைப்புக்கு ஏற்ப வரைந்த படத்துக்கு இன்னொருவர் கையசைக்க வேண்டியிருந்தது. 1990-இல் ஸ்டொகோவ்ஸ்கி திரும்பி வந்தார். ஆனால் இடையிடையே பேசும் டீம்ஸ் டெய்லரின் குரல் சில பகுதிகளில் சிதைந்துபோனதால், 2000-இல் படத்தை முழு நீளத்துக்கு மீட்டபோது அவர் பேச்சு முழுவதையும் இன்னொருவரைக் கொண்டு பேசவைத்தார்கள். பழைய படம் என்று நாம் கேட்பதில் எது எந்த வருடத்து ஒலி என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

இனி கடைவீதிக்கு வருவோம். 1946-இல் கேபிடல் ரெக்கார்ட்ஸில் ஆலன் லிவிங்ஸ்டன் என்ற இளைஞர் குழந்தைகளுக்காகத் தட்டோடு படப்புத்தகத்தைச் சேர்த்தார். போஸோ என்ற கோமாளி கதை சொல்வான்; அவன் விசில் ஊதினால் பக்கத்தைத் திருப்ப வேண்டும். போஸோவுக்குக் குரல் பிண்டோ கோல்விக், டிஸ்னியின் கூஃபியும் அவரே. விற்பனை கொழித்ததும் லிவிங்ஸ்டன் பக்ஸ் பன்னியையும் தட்டுக்குள் கொண்டுவந்தார். மெல் பிளாங்க் குரல் உண்டு; இசை மட்டும் ஸ்டாலிங்குடையது அல்ல. பில்லி மே என்ற ஜாஸ் கலைஞர் புதிதாக எழுதியது. வீட்டுக்கு வந்த பக்ஸ் பன்னிக்கு வேறு எலும்பு. 1951-இல் ட்வீட்டியும் சில்வெஸ்டரும் பாடிய ஒரு தட்டு அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறியது. அதை எழுதியவர்கள் லிவிங்ஸ்டன், பில்லி மே, வார்னரின் கதையாசிரியர் வாரன் ஃபாஸ்டர். பின்னாளில் ஃபிராங்க் சினாட்ராவையும் பீட்டில்ஸையும் கேபிடலுக்குக் கொண்டுவந்தவரும் இதே லிவிங்ஸ்டன்தான். கோமாளியில் தொடங்கியவர் சோடை போகவில்லை.

1948-இல் லிட்டில் கோல்டன் ரெக்கார்ட்ஸ் இன்னும் கீழே இறங்கி வந்தது. ஆறு அங்குல மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு, விலை 25 சென்ட். டிஸ்னி பாட்டுகள், கூலிப் பாடகர்கள். அதே வருடம் வால்டர் லாண்ட்ஸின் கார்ட்டூன்களில் வரும் மரங்கொத்தியின் சிரிப்பை வைத்து எழுதப்பட்ட பாட்டு கே கைஸர் குழுவின் தட்டில் முதலிடம் பிடித்தது. ஏழு நிமிடக் கார்ட்டூனிலிருந்து வந்த பாட்டு ஆஸ்கர் பரிந்துரைவரை போனது அந்த ஒருமுறைதான். அந்தச் சிரிப்பைத் தொடக்கத்தில் கொடுத்தவர் மெல் பிளாங்க். அவர் வார்னரோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு போன பிறகும் படத்தில் அவருடைய பழைய பதிவே ஓடியது. வழக்குப் போட்டார், நீதிபதி ஏற்கவில்லை, ஆனாலும் லாண்ட்ஸ் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். பிளாங்க் கேபிடலில் தானே ஒரு மரங்கொத்தித் தட்டும் போட்டுவிட்டார்.

தட்டே கார்ட்டூனைப் பெற்றெடுத்த சம்பவங்கள் எனக்கு இன்னும் சுவையானவை. 1942-இல் டிஸ்னிக்காக ஆலிவர் வாலஸ் ஹிட்லரைக் கேலி செய்து எழுதிய பாட்டை ஸ்பைக் ஜோன்ஸ் தன் கோமாளிக் குழுவோடு பதித்தார். ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளையே நிறுத்துவதற்குச் சில நாள் முன்பு. ஹிட்லர் பெயருக்கெல்லாம் ஊதுகுழலில் ஓர் அநாகரிகச் சத்தம். தட்டு பற்றிக்கொண்டதும், டிஸ்னி டொனால்ட் டக் படத்துக்கு வைத்திருந்த பெயரை மாற்றிப் பாட்டின் பெயரையே சூட்டினார்: ‘டெர் ஃப்யூரர்ஸ் ஃபேஸ்’. 1943 ஜனவரியில் வந்த அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. 1950-இல் யூபிஏ நிறுவனத்தின் ‘ஜெரால்ட் மக்போயிங் போயிங்’, சொற்களுக்குப் பதில் ஓசைகளை எழுப்பும் சிறுவனின் கதை, டாக்டர் சூஸ் கேபிடல் தட்டுக்காக எழுதியது. முதலில் அவனைக் காதால்தான் கேட்டார்கள். அதன்பிறகே அவனுக்கு முகம் கிடைத்தது. 1958-இல் ராஸ் பக்டசாரியன் நாடாவின் வேகத்தை மாற்றிச் சிப்மங்க் குரல்களை உண்டாக்கினார். கிறிஸ்துமஸ் பாட்டு முதலிடம். மூன்று ஆண்டு கழித்தே அந்த அணில்கள் தொலைக்காட்சியில் கார்ட்டூனாக ஆடின.

இதற்குள் தியேட்டர் கார்ட்டூனின் காலம் முடிந்துகொண்டிருந்தது. முழுப் படத்தோடு குறும்படத்தையும் சேர்த்துத் தியேட்டர்கள் தலையில் கட்டும் வழக்கத்தை 1948-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உடைத்தது. எம்ஜிஎம் 1957-இல் பட்டறையை மூடியது. ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே அசைவு குறைந்தது, பேச்சு பெருகியது. ஓவியத்தைக் குறைத்தால் குரல்தான் பளுவைச் சுமக்க வேண்டும். கண்ணை மூடினாலும் கதை புரியும் கார்ட்டூன் அப்போதுதான் பிறந்தது. அதைத் தட்டில் போடுவதும் எளிதாயிற்று. டிஸ்னி 1956-இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 1965-லிருந்து சிறு தட்டும் புத்தகமும் சேர்ந்த வரிசையைக் கொண்டுவந்தது. கோமாளியின் விசிலுக்குப் பதில் டிங்கர் பெல்லின் மணி.

பாடல் உரிமையில் டிஸ்னிக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. ‘ஸ்னோ ஒயிட்’, ‘பினோக்கியோ’, ‘டம்போ’ பாடல்களின் பதிப்புரிமை போர்ன் என்ற இசைப் பதிப்பகத்தின் கைக்குப் போயிருந்தது. ஒளிநாடா விற்பனை வந்தபோது இருவரும் நீதிமன்றத்தில் சந்தித்தார்கள். ஒளிநாடாவில் டிஸ்னிக்கு வெற்றி, தொலைக்காட்சி விளம்பரத்தில் பாடல்களைப் பயன்படுத்தியதற்குப் போர்னுக்கு வெற்றி. ஸ்ட்ராவின்ஸ்கி தன் இசைக்கு 1939-இல் 6,000 டாலருக்கு எழுதிக்கொடுத்த உரிமை ‘ஃபேண்டேசியா’ ஒளிநாடாவுக்கும் பொருந்துமா என்பது 1990-களில் இன்னொரு வழக்கு.

எல்லாவற்றிலும் பெரிது பெக்கி லீயின் வழக்கு. 1955-ஆம் ஆண்டின் ‘லேடி அண்ட் த டிராம்ப்’ படத்துக்குச் சன்னி பர்க்கோடு பாடல்கள் எழுதினார். இரண்டு சயாமியப் பூனைகள் உட்பட நான்கு பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார். 1952-இல் எழுதிய ஒப்பந்தத்தில், பொதுமக்களுக்கு விற்கும் இசைத்தட்டுகளையும் ‘ஒலிப்படிகளை’யும் தன் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்று ஒரு வாசகம். அவர் நினைத்தது தட்டைத்தான். அப்போது வீட்டில் படம் ஓட்டும் நாடா என்று ஒன்று கிடையாது. 1987-இல் படம் ஒளிநாடாவாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டு லீ வழக்குப் போட்டார். ஒளிநாடாவும் ‘ஒலிப்படி’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். 1991-இல் 23 லட்சம் டாலர் தீர்ப்பாயிற்று. இசைத்தட்டு வியாபாரத்துக்காக எழுதிய ஒரு சொல் முப்பத்தைந்து ஆண்டு தூங்கிவிட்டு விழித்துக்கொண்டது.

படத்தை மறைத்து, பாட்டை வெளியே விட்ட விசித்திரமும் நடந்தது. அடிமைமுறைக்குப் பிந்தைய தெற்கைத் தேன் தடவிக் காட்டிய ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்தை டிஸ்னி அமெரிக்காவில் ஒளிநாடாவாக விற்றதேயில்லை. ஆஸ்கர் வாங்கிய அதன் பாட்டோ பல பத்தாண்டுகளாகத் தொகுப்பு தொகுப்பாக வந்துகொண்டிருந்தது. வார்னர் படங்களில் பதினொன்றை, இனக்கேலியைக் காரணம் காட்டி, 1968-இல் தொலைக்காட்சி விநியோகத்திலிருந்து எடுத்தார்கள். அவற்றில் பாப் கிளாம்பெட்டின் ‘கோல் பிளாக்’ போன்ற படங்களின் இசை அபாரம், உருவங்கள் அருவருப்பு. கண்ணை மூடிக்கொண்டால் பிரச்சினை தீராது. அந்த இசையைப் பாடியவர்களின் முகத்தை வரைந்த விதத்தில்தானே பிரச்சினை.

உரிமைக் கடிகாரமும் இரண்டாகவே ஓடுகிறது. அமெரிக்கச் சட்டப்படி ‘ஸ்டீம்போட் வில்லி’ 2024 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாயிற்று. படத்தோடு ஒட்டிய ஒலியும் படத்தோடு விடுதலை. தனியாக வெளியான இசைத்தட்டுக்கு 2018-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. ‘ஸ்னோ ஒயிட்’ படம் 2033 தொடக்கத்தில் விடுபடும். அதே குரல், அதே ஓசை என்று உறுதியளித்த விக்டர் தட்டு 2039 வரை காத்திருக்க வேண்டும்.

கார்ட்டூனின் சொந்த ஒலி கடைக்கு வரப் பெருமளவு ரசிகர்களின் பிடிவாதமே காரணம். 2013-இல் லண்டன் ப்ராம்ஸ் இசைவிழா மேடையில் ஜான் வில்சன் குழு டாம் அண்ட் ஜெர்ரி இசையை வாசித்தது. மூலத் தாள்கள் குப்பைக்குப் போய்விட்டதால் மீட்டெழுதி வாசித்தார்கள். பெரிய இசைக்குழுவை மேடையில் உட்காரவைத்து அந்த இசையைக் கேட்டபோது, அதை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1990-இல், ஹால் வில்னரும் கிரெக் ஃபோர்டும் சேர்ந்து வார்னரின் பெட்டகத்திலிருந்த பழைய இசைப்பதிவுகளைத் திரட்டி ‘த கார்ல் ஸ்டாலிங் ப்ராஜெக்ட்’ என்ற குறுந்தகட்டைக் கொண்டுவந்தார்கள். ஸ்டாலிங் இறந்து பதினெட்டு ஆண்டு ஆகியிருந்தது. பேச்சும் ஓசையும் நீக்கிய வெறும் இசை. பாட்டாக இல்லை என்பதால் ஐம்பது ஆண்டு விற்க முடியாதிருந்த அதே துண்டுத் துணுக்குகளைப் புதிய தலைமுறை இசைக்கலைஞர்கள் நவீன இசையாகவே கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஸோர்ன் அந்தத் தகட்டுக்கு ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தத் தகட்டில் எனக்குப் பிடித்தது எந்தப் படத்தின் இசையுமல்ல. ஸ்டாலிங்கும் அவருடைய உதவியாளர் மில்ட் ஃபிராங்க்ளினும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலையில் இருக்கும்போது பதிவான ஒரு பகுதி அது. பூனையும் முயலும் இன்னும் வந்து சேரவில்லை; ஒரு கூடம், கொஞ்சம் பேச்சு, பெரிய இசைக்குழு ஒன்று, திரையில் கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துபோகப்போகும் சில விநாடிகளுக்காக.